தாகப் புல்

கண் விழித்ததும் மோனிஷா வானத்தைத்தான் பார்ப்பாள். கிழக்கே வெறுமனே வெளுத்துக் கிடந்தால் எழுந்து பாயைச் சுருட்டுவாள். ஓரத்தில் ஒரு பொட்டு மேகம் தெரிந்தால் அது கரைகிற வரை வாசலை விட்டு நகர மாட்டாள். கொரங்காடு என்கிற இந்த வறண்ட மேய்ச்சல் நிலத்தில் இருக்கிற எல்லோருக்கும் இதே வழக்கம்தான். விடிகிற நேரத்தில் ஒவ்வொரு குடிலின் வாசலிலும் ஒரு தலை அண்ணாந்து நிற்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் அதுவே வணக்கம் சொன்ன கணக்கு.

அன்றைக்குத் துடைத்துவிட்ட மாதிரித்தான் இருந்தது. கருக்கருவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வேலி வாசலான படலுக்குப் போனாள். படலைத் தாண்டித் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. குடிக்கிற பாட்டில்கூட ஆகாது. படலில் பொருத்தியிருக்கிற ஈரங்காட்டி அலறி ஊரைக் கூட்டிவிடும். தாகம் எடுத்தால் திரும்பக் குடிலுக்குத்தான் வர வேண்டும். கிளுவை வேலிக்குள்ளே இருக்கிற மண்ணில் மனிதர் கையால் ஒரு சொட்டு விழுந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

படலுக்குப் பக்கத்தில் மழைப்பலகை நின்றது. ஆளுயரத் திரை. நாட்டில் எந்த ஊரில் மழை, எந்த ஊரில் வெயில் என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். கோயிலுக்குள் நுழைகிறவர்கள் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் ஒரு நிமிஷம் அங்கே நின்றுவிட்டுத்தான் போவார்கள். அவரவர் ஊரைத் தேடுவார்கள். சொந்தபந்தம் எப்படி இருக்கிறது என்பது தெரியாது. ஆனால் அவர்கள் தலைக்கு மேலே வானம் எப்படி இருக்கிறது என்பது தெரியும். திருப்பூர், வறண்ட வானம். மோனிஷா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நுனி கருகி, தாள் செம்பு நிறத்தில் முறுகியிருந்தது. ஒரு தூரின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கைப்பிடி அறுத்தாள். அறுத்த கை வாய்க்குப் போனது. இதில் தாமதம் கூடாது. அறுத்த புல்லில் காற்றுப் படப்பட உள்ளே இருக்கிறது செலவாகிக்கொண்டே போகும். அடுத்த பிடி. அதற்கு அடுத்தது. கடைவாயில் நார் அரைபட்டு, கசப்பும் மண்வாசமும் கலந்த சாறு தொண்டையில் இறங்கியது.

"ஏட்டி மோனி, என்ன இன்னைக்குக் கிடேரி கணக்கா இந்த வேகத்துல மேயுத? மாப்ள வீட்டுக்குப் போற அவசரமா?"

நாலு தூர் தள்ளி ஸ்டெல்லா அக்கா. தூத்துக்குடிக்காரி. ஒரு காலத்தில் துறைமுகத்தில் பெட்டி ஏற்றும் பாரந்தூக்கி ஓட்டியவள். வாய் நிறையப் புல்லோடு பேசக்கூடிய ஒரே ஆள் அந்தக் காட்டில் அவள்தான்.

"சும்மா இருங்க அக்கா. பொறையேறிக்கும்."

"எனக்கா? இந்தக் காட்டு மாடு எல்லாத்துலயும் மூத்த மாடு நாந்தான். எனக்குப் பொறையேறுமா?"

மோனிஷா சிரித்தாள். பிறகு இருவரும் எழுந்து தனித்தனியே போனார்கள். மேய்ந்த பிறகு அசைபோட வேண்டும். ஆளுக்கு ஒரு வெள்வேல மரம். அதன் அடியில் உட்கார்ந்து, உள்ளே போனதை மேலே வரவழைத்து, மறுபடி மென்று, மறுபடி இறக்க வேண்டும். அந்த நேரத்தில் பேச முடியாது. பக்கத்தில் உட்காரவும் பிடிக்காது. மெல்லுகிற வாயை இன்னொருவர் பார்ப்பது அம்மணமாய் நிற்கிற மாதிரி. காடு முழுக்க மரத்துக்கு ஒருவராக உட்கார்ந்து வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு மெல்லுவார்கள். அது முடிய வெயில் ஏறிவிடும். சாயங்காலம் மறுபடி ஒரு முறை. இதுதான் அவர்களுடைய வேலை. வேறு வேலை கிடையாது.

மோனிஷாவுக்கு ஈரலில் கட்டி வந்தபோது மகள் இனியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று தைத்த உடம்பு, ஆறு மாதத்தில் துணிபோல ஆகிவிட்டது. மருந்து, கதிர், கத்தி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில்தான் புல்லுக்கு வந்தார்கள்.

தண்ணீர் இல்லாமல் வெயிலில் நிற்கிற புல் உள்ளுக்குள் எரியும். அந்த எரிச்சல் தன் உயிரணுக்களைத் தின்றுவிடாமல் இருக்க அது ஒரு பொருளைச் சுரந்து வைத்துக்கொள்ளும். உயிர்வளியேற்றத் தடுப்பி என்பது புத்தகப் பெயர். மற்றதற்குப் பதிலாகத் தான் எரிந்துபோவதுதான் அதன் தொழில். இந்த மேட்டுநிலத்துப் புல் சுரக்கிற வகை மனித உடம்புக்குள் போனால் கட்டிகளை வளரவிடாமல் அமுக்கி வைத்தது. அதனால் கட்டொடுக்கி என்று பெயர் வைத்தார்கள். பாட்டிலில் அடைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. காற்றைக் கண்டதும் எரிந்து தீர்ந்தது. கண்ணாடிக் கூடத்தில் வளர்க்கப் பார்த்தார்கள். தண்ணீர் காட்டி வளர்த்த புல் பச்சைப்பசேல் என்று வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. தாகத்தில் நிற்கிற புல்லை நின்ற இடத்திலேயே தின்றால்தான் உண்டு. அதுவும் நாரோடு பிணைந்து கிடக்கிற சரக்கு. மனித வயிற்றுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. மாட்டு வயிற்றின் நுண்ணுயிர்களை எடுத்து மனிதக் குடலில் குடியேற்றினார்கள். அசைவயிறு என்று அதற்குப் பெயர். குடியேறிய பிறகு சோறு இல்லை, குழம்பு இல்லை. எண்ணெய் காய்கிற வாசம் மூக்கில் ஏறினாலே குடல் புரண்டுவிடும்.

ஆக, உயிர் இருக்கும். கொரங்காட்டுக்குள்ளே இருக்கும். இரண்டு நாள் வெளியே போனால் கட்டி கண்ணை விழிக்கும்.

புருஷன் கோகுல்ராஜ் முதலில் வாரம் ஒரு முறை வந்தான். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் உட்காருவான். என்ன பேசுவது? அவள் மென்றுகொண்டிருப்பாள். அவன் பசியோடு திரும்பிப் போவான். அவள் முன்னால் ஒரு டீ குடிக்கக்கூட அவனுக்கு மனது வராது. கடைசியில் தினமும் சாயங்காலம் ஒரு போன் என்று ஆயிற்று.

"அங்க மழைங்களா?"

"இல்ல புள்ள. வெயிலு கொளுத்துது. அங்க?"

"இங்கயும் வெயிலுதானுங்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒரு நாள்கூட அவன் தவறவிட்டதில்லை. வானத்தைப் பற்றி அவளிடம் ஒரு நாளும் பொய் சொன்னதும் இல்லை.

அன்றைக்கு அசைபோட்டு முடித்ததும் மருத்துவர் ஆதிரை கூப்பிட்டு அனுப்பியிருந்தார். காட்டோரத்து ஆராய்ச்சி நிலையக் கொட்டகையின் முன்னால் நான்கு தட்டுகள் வெயிலில் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு கதவு அளவு. அடியில் கொரங்காட்டு மண், மேலே கொழுக்கட்டைப் புல், கருகிய நுனியோடு அப்படியே.

"இதுக்குப் பேரு பெயர்காடு, மோனிஷாம்மா. வேரோட, மண்ணோட எடுத்துட்டுப் போறது. பிடுங்கின அதிர்ச்சியைப் புல் தாங்குற மாதிரி மண்ணுல ஒரு வேலை செஞ்சிருக்கோம். தண்ணி மட்டும் படவே கூடாது. வெயில் படணும். இந்த நாலு தட்டும் மாத்தி மாத்தி மேஞ்சா ஒரு ஆளுக்குப் போதும்."

"எங்கே எடுத்துட்டுப் போறதுங்க?"

"உங்க வீட்டுக்கு. மூணு நாள் இருந்து பாருங்க. புல்லுல கட்டொடுக்கி இருக்குதான்னு காட்டுற ஒடுக்கிமானி நீலமாவே நின்னா நீங்க அங்கேயே இருந்துக்கலாம். திரும்பி வர வேண்டியதே இல்ல. நீங்க ஜெயிச்சா இங்க இருக்கிற எல்லாருக்கும் தட்டு வரும்."

மோனிஷாவுக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. "ஏனுங், இத்தனை பேர் இருக்கறப்ப என்னய எதுக்குக் கூப்புட்டீங்க?"

ஆதிரை ஒளிக்கவில்லை. "உங்க வீட்லதான் போன் பண்ணினா எடுக்கறாங்க."

ஸ்டெல்லா அக்கா அன்று சாயங்காலம் தட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "ஏட்டி, நீ கெடுத்துக்கிடுத்து வச்சிராத. என் தம்பி வீட்டு மொட்டமாடி எம்மாம் பெருசு தெரியுமா? கடலப் பாத்துக்கிட்டே மேயலாம். நீ ஜெயிச்சிட்டு வா, மறுநாளு இந்த மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடிரும்லா."

திருப்பூர் வீட்டுக் கட்டடத்தின் கீழ்வாசலில் கோகுல்ராஜ் நின்றிருந்தான். புதுச்சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை. முடிக்குச் சாயம் பூசியிருந்தான். காதோரம் கொஞ்சம் தோலிலும் ஒட்டியிருந்தது. தட்டுகளை ஆள் வைத்து நான்காவது மாடிக்கு ஏற்றினார்கள். ஒவ்வொரு தளத்திலும் கதவு திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "மேச்சக்காரங்க வந்திருக்கறாங்க" என்று யாரோ தணிந்த குரலில் சொன்னது கேட்டது.

"பாத்து வா புள்ள. படி உடைஞ்சிருக்குது."

"தெரியுமுங்க. நான் இருக்கறப்பவே உடைஞ்ச படிதான்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். நல்ல தொடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் பினாயில் வாசம் தவிர வேறு வாசம் இல்லை. அடுப்பு துடைத்து மூடியிருந்தது. தட்டு, டம்ளர், சட்டி எல்லாம் கவிழ்த்து அடுக்கி மேலே துணி போர்த்தியிருந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. நிலையத்திலிருந்து முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள், வீட்டில் சமைக்கக் கூடாதென்று. இனியா அதை அணு பிசகாமல் செய்திருந்தாள்.

இனியா வளர்ந்து நின்றாள். திரையில் பார்த்த முகம்தான். ஆனால் இத்தனை உயரம் என்று திரை சொல்லவில்லை. "அம்மா, நீ உக்காரு. எல்லாம் நான் பாத்துக்கறன்" என்றாள். அம்மாவைத் தொட வந்தவள், தோளைத் தொடுவதா கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் பையை வாங்கிக்கொண்டாள்.

பால்கனியில் கொடியை அவிழ்த்துவிட்டுத் தட்டுகளை வைத்தார்கள். உச்சி வெயில் நேராக விழுந்தது. மோனிஷா ஒடுக்கிமானிக்கு ஒரு புல்தாளைக் கவ்வக் கொடுத்தாள். பளிச்சென்று நீலம்.

"நீலம்னா நல்லதா?" என்று கேட்டான் கோகுல்.

"நல்லதுங்க. வெளுத்துப்போனாத்தான் கெட்டது."

"அப்ப இங்கயே இருந்துக்கலாமா?"

"மூணு நாள் நிக்கோணுமுங்க."

"நிக்கும், நிக்கும்" என்றான். தட்டின் விளிம்பைத் தடவிக் கொடுத்தான், ஆட்டுக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

முதல் நாள் அவள் பால்கனியில் மேய்ந்தபோது இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மரியாதைதான். எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் ஒவ்வொன்றாய்த் திரை விலகியது. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு அறுத்தாள். அசைபோட வெள்வேல மரம் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றாள். முடித்து உள்ளே வந்தால் இருவரும் சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிறவர்கள் போல.

"நீங்க சாப்புட்டீங்களா?"

"ஆச்சு புள்ள" என்றான் கோகுல்.

"எப்பங்க? அடுப்பே மூட்டலயே."

"அதெல்லாம் ஆச்சு."

பேச்சு அதற்கு மேல் நகரவில்லை. எந்த வீட்டிலும் பேச்சு என்பது அடுப்படியில் தொடங்கி இலையில் முடிகிறது. உப்பு கூடிவிட்டது, காரம் போதவில்லை, இன்னொரு கரண்டி போடு, அந்தப் பெரிய துண்டு யாருக்கு. இதெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? வானம்தான். வானத்தைப் பற்றித் தினமும் பேசித் தீர்த்தாயிற்று. கட்டிலில் அவள் பக்கத்தில் அவன் மடித்து வைத்திருந்த பழைய போர்வைகளையும் ஒரு விசிறியையும் எடுத்து அலமாரிக்கு மாற்றியிருந்தான். அலமாரி மூடாமல் பிதுங்கிக்கொண்டு நின்றது. படுத்ததும் அவளுக்கு ஏப்பம் வந்தது, புளித்த புல்வாசத்தோடு. அவன் திரும்பிப் படுக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தான். அது அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாளும் நீலம். மூன்றாம் நாள் காலையும் நீலம், முதல் நாளைவிட ஒரு மாற்றுக் கூடவே. மோனிஷா தட்டின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினாள். புல் நின்றுவிட்டது. பெயர்ந்து வந்த இடத்திலும் தாகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இனி மழைப்பலகை இல்லை, படல் இல்லை. இந்த வீட்டில், இந்தக் கதவுக்குள். ஸ்டெல்லா அக்காவுக்குக் கடலைப் பார்த்த மாடி. அசைபோடக்கூட உட்காராமல் சொல்ல ஓடினாள்.

வீட்டில் யாரும் இல்லை. வாசற்கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. வெளியே வந்தவளுக்குப் படிக்கட்டின் கீழ்த் திருப்பத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கோகுலின் சிரிப்பு. மூச்சு வாங்கி, இருமலில் முடிகிற அந்தப் பழைய சிரிப்பு. வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் அது ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இரண்டு படி இறங்கினாள். திருப்பத்தில் மூவரும் படிகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கோகுல், இனியா, எதிர் வீட்டு ரேகா. நடுவில் விரித்த இலையில் பரோட்டா. ரேகா தூக்கிலிருந்து சால்னா ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, புதுச்சட்டைல சிந்தாதீங்க. அக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"மழைத்தண்ணி பட்டுருச்சுன்னு சொல்லிக்கறன்."

"செவப்பாவா பெய்யும் உங்கூரு மழை?" என்றாள் இனியா வாய் நிறைய. மறுபடி மூவரும் சிரித்தார்கள். இனியா அப்பாவின் இலையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்தாள். அவன் அவள் கையில் ஒரு அடி வைத்தான். அவள் அதோடு வாயில் போட்டுக்கொண்டாள்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பசிக்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கிக் கொடுத்ததை ஒளித்துத் தின்கிறார்கள், வீட்டில் இருக்கிறவளுக்கு வாசம் ஆகாதே என்று.

இனியாதான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு அறுந்தது. கோகுல் சால்னா வழிகிற கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ரேகா பதறி எழுந்து "வாங்க அக்கா" என்றாள். அதற்கு அடுத்த வார்த்தை எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டிலும், எந்தப் படிக்கட்டிலும், சாப்பிடுகிற இடத்துக்கு எதிரிகூட வந்தாலும் சொல்லிவிடுகிற வார்த்தை. வாங்க, சாப்பிடலாம். அதைச் சொல்ல முடியாமல் ரேகாவின் வாய் திறந்தபடி நின்றது.

"சும்மா காத்தாட வந்தோம் புள்ள" என்றான் கோகுல்.

அப்போதுதான் வாசம் மேலே ஏறியது. பட்டை, சோம்பு, காய்ந்த எண்ணெய். மோனிஷா கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள். காலையில் தின்றது பச்சை நுரையாகப் படியில் கொட்டியது. இனியா அம்மாவைத் தாங்கிக்கொண்டாள். கோகுல் புதுச்சட்டையைக் கழற்றி அதையே போட்டுப் படியைத் துடைத்தான். ரேகா பரோட்டாவை இலையோடு சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தாள். பாதிகூடத் தின்றிருக்கவில்லை.

"எங்களாலதான் வந்துச்சு" என்றான் கோகுல். "இன்னிமே மாடிக்கு அந்தப் பக்கம், தெருக்கோடிக்குப் போய்க்கறோம் புள்ள. உனக்குத் தெரியவே தெரியாது."

அவன் நிஜமாகவே சொன்னான். செய்வான். அதுதான் மோனிஷாவின் நெஞ்சில் தைத்தது. ஒரு நாள் இல்லை, மூன்று நாள் இல்லை, அவள் உயிரோடு இருக்கிற வரைக்கும் தெருக்கோடியில் நின்றுகொண்டு தின்பான். வாயைக் கழுவிவிட்டு வந்து சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவான். சிரிப்பெல்லாம் தெருக்கோடியிலேயே நின்றுவிடும்.

நீலமாக நிற்கிறது என்பதை அவள் சொல்லவில்லை.

இருவரும் வேலைக்குப் போன பிறகு பால்கனியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கோபம் வந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தாள். ஆள் அகப்படவில்லை. அடுப்படிக்குப் போய்ப் போர்த்தியிருந்த துணியை விலக்கி ஒரு சொம்பை எடுத்தாள். அவள் கல்யாணத்துக்கு வந்த சொம்பு. குழாயில் பிடித்தாள். கொண்டுவந்து முதல் தட்டில் ஊற்றினாள்.

மண் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சின்னக் குழந்தை பால் குடிக்கிற சத்தம். மண்வாசம் கிளம்பியது. கொரங்காட்டில் அந்த வாசம் வந்தால் ஆட்கள் அழுவார்கள். இங்கே அவள் குனிந்து மூக்கு நிறைய இழுத்தாள். இத்தனை வருஷம் தாகத்தில் நிற்கவைத்தே தின்ற புல்லுக்கு முதல்முறையாக ஒரு வாய் தண்ணீர் கொடுக்கிறாள். பாவம், குடிக்கட்டும் என்று இருந்தது. இரண்டாவது தட்டு. மூன்றாவது. கை நிற்கவில்லை. நான்காவதற்கு இரண்டு சொம்பாக ஊற்றினாள். முறுகிக் கிடந்த தாள்கள் சாயங்காலத்துக்குள் மெல்ல மெல்லப் பிரிந்துகொடுத்தன.

கோகுல் வேலையிலிருந்து வந்து பால்கனிக் கதவைத் திறந்தபோது அவள் அதே இடத்தில் இருந்தாள். சொம்பு மடியில் கிடந்தது. ஒளித்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"புல்லு போச்சுங்க" என்றாள். "மழை வந்துருச்சு. சாரல் அடிச்சு எல்லாம் நனைஞ்சுபோச்சு. நான் காட்டுக்குத் திரும்போணும்."

அவன் தட்டுகளைப் பார்த்தான். தட்டுக்கு அந்தப் பக்கம் காய்ந்து வெடித்த கைப்பிடிச் சுவரைப் பார்த்தான். எதிர்க் கட்டடத்தின் மேலே வெள்ளையாய்க் கொதிக்கிற வானத்தைப் பார்த்தான். கடைசியாக அவள் மடியில் இருந்த சொம்பைப் பார்த்தான். அங்கேயே கொஞ்ச நேரம் கண் நின்றது.

"ஆமா புள்ள" என்றான். "நல்ல மழை."

சொம்பை அவள் மடியிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தான். குழாய் திறந்திருந்தது. நிறைய நேரம் திறந்தே இருந்தது. முகம் கழுவுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நிலையத்தில் ஆதிரை தட்டுகளைப் பார்த்ததும் மழைப்பலகையைத் திரும்பிப் பார்த்தார். திருப்பூருக்கு வாரம் முழுக்க வறண்ட வானம்தான்.

"எப்படி நனைஞ்சது?"

"நான்தான் தண்ணி ஊத்துனனுங்க."

"மறந்தா?"

"மறக்கலீங்க."

ஆதிரை மேசையில் இருந்த எதையோ நகர்த்தி வைத்தார். அவருக்கு வயது குறைவு. குறிப்பேட்டைத் திறந்தார். "அப்ப இந்தச் சோதனை தோல்வின்னுதானே நான் எழுதணும்?"

"புல்லு தோக்கலீங்க. மூணாம் நாளும் நீலமாத்தான் நின்னுச்சு. அதை எழுதுங்க. மத்தவங்களுக்குப் போற வழிய அடச்சுப்போடாதீங்க."

ஆதிரை அதைத்தான் எழுதினார். ஆடி பிறக்கிறதுக்குள் தட்டுகள் வந்து இறங்கின. முதல் ஆளாகக் கை தூக்கியது ஸ்டெல்லா அக்கா. போகிற அன்றைக்குப் படலருகே நின்று மோனிஷாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "கிறுக்கி, கையில கிடைச்சத விட்டுட்டு வந்து நிக்க. நான் வரமாட்டேன் பாத்துக்க. என் மரத்த நீயே வச்சுக்க. நிழலு எனக்குத்தான் அதிகம்னு எப்பவும் மூஞ்சியத் தூக்குவல்லா?"

அவள் போன பிறகு காட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. மோனிஷா அந்த மரத்துக்கு மாறவில்லை. காலையில் மழைப்பலகையில் இரண்டு ஊர் பார்த்தாள், திருப்பூர், தூத்துக்குடி. இரண்டும் காய்ந்துதான் கிடந்தன. சாயங்காலம் போன் வந்தது. "இல்ல புள்ள. வெயிலுதான்" என்று கோகுல் சொன்னான். பின்னணியில் தாளிக்கிற சத்தம் சடசடவென்று கேட்டது. அவன் அவசரமாக அறைக்கதவைச் சாத்தினான். "சாத்தாதீங்க. போன்ல வாசம் வராது" என்றாள் மோனிஷா. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தான். பிறகு தினமும் திறந்தே வைத்தான்.

அடுத்த வாரக் கடைசியில் நிலையத்து வண்டி வந்து நின்றது. தட்டுகளை இறக்கினார்கள். புல் பச்சைப்பசேல் என்று தளதளத்துக்கொண்டிருந்தது, மாடு கண்டால் ஓடிவருகிற பச்சை. பின்னால் ஸ்டெல்லா அக்கா இறங்கினாள். மழைப்பலகைக்கு நேர்முன்னால், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் தலைக்கு மேலே தூத்துக்குடி ஓடிக்கொண்டிருந்தது. வறண்ட வானம்.

"மழைட்டி" என்றாள். மோனிஷாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துச் சொன்னாள். "என்னா மழை! மொட்டமாடி பூராவும் தண்ணி. தம்பி பாவம், தட்டத் தூக்கி உள்ள வைக்கதுக்குள்ள..." தாடை மட்டும் ஆடியது, ஒன்றுமில்லாததை மெல்லுகிற மாதிரி.

மோனிஷா பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. பால்கனிக் கதவருகே கோகுல் நின்ற நிலை ஞாபகத்துக்கு வந்தது. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல ஒரு ஆளுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"ஆமாங்க அக்கா" என்றாள். "நல்ல மழை."

ஸ்டெல்லா அக்காவின் இடுப்பில் கருக்கருவாளைச் செருகிவிட்டாள். இருவரும் படலைத் தாண்டி உள்ளே போனார்கள். இரண்டு நாளாய்ச் சரியான புல் உள்ளே போகாத உடம்பு. அக்காவுக்குக் குந்தி உட்காரவே தடுமாறியது. முதல் பிடியை மோனிஷா அறுத்து அவள் வாயில் வைத்தாள். காற்றுப் படுவதற்குள்.

மேய்ந்து முடிந்து எழுந்தபோது ஸ்டெல்லா அக்கா தன்னுடைய மரத்துக்குப் போகவில்லை. மோனிஷாவின் மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கு அந்த நிழல் பற்றாது. ஆளுக்கு ஒரு தோள் வெயிலில் இருந்தது. மெல்லுகிற வாயை ஒருவருக்கொருவர் மறைக்காமல் இருவரும் மென்றார்கள். மேலே வானம் ஒரு பொட்டு மேகம் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.